கர்ப்பத்தில் ஹார்மோன் கூடினால் பிள்ளைக்கு ஆட்டிசம் வருமா?

திருநெல்வேலிப் பக்கம் ஒரு வீட்டில் மூன்று வயதாகியும் பேச்சு வராத பிள்ளை இருந்தால் இரண்டு பேச்சு கட்டாயம் எழும். ஒன்று ஆச்சி சொல்வது: "ஏட்டி, ஆம்பளப் பிள்ளைன்னா பிந்தித்தான் பேசும். இவன் அப்பனும் மூணு வயசுலதான் வாயத் தொறந்தான்." இன்னொன்று முகத்துக்கு நேரே சொல்லாமல் மருமகள் காதில் விழும்படி சொல்வது: "மாசமா இருக்கும்போது இவ என்ன மாத்திரை போட்டாளோ." இப்போது வாட்ஸப் வழியாக மூன்றாவதாக ஒன்றும் வந்து சேர்ந்திருக்கிறது. கர்ப்பத்தில் ஹார்மோன் கூடினால் பிள்ளைக்கு ஆட்டிசம் வருமாம். பிசிஓடி என்ற சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினைக்கு வைத்தியம் பார்த்து, ஊசி போட்டு, வருடக்கணக்கில் காத்திருந்து உண்டான பெண்கள் இதைப் படித்துவிட்டுத் தூக்கம் இல்லாமல் கிடக்கிறார்கள்.

இந்த மூன்றாவது பேச்சு முழுப் பொய் இல்லை. அதற்குப் பின்னால் இருபது வருடத்துக்கும் மேலான ஆராய்ச்சி இருக்கிறது. ஆனால் அந்த ஆராய்ச்சி சொல்வது ஒன்று, நம் கைப்பேசிக்கு வந்து சேர்வது வேறொன்று. எந்த இடத்தில் இரண்டும் பிரிகின்றன என்பதை, விஞ்ஞானம் படிக்காதவர்களுக்கும் புரியும்படி சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆட்டிசம் என்பது மருத்துவர் பிள்ளையை நேரில் பார்த்து, பெற்றோரிடம் விசாரித்து, பல மணி நேரம் கவனித்து முடிவு செய்யும் ஒரு நிலை. மற்றவர்களோடு பழகுவதிலும் பேசிக்கொள்வதிலும் சிரமம், ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வது, சத்தம், வெளிச்சம், துணியின் உரசல் போன்றவற்றைத் தாங்க முடியாமல் போவது ஆகியவை சேர்ந்து, அன்றாட வாழ்க்கையைப் பாதிக்கும் அளவுக்கு இருந்தால்தான் அந்தப் பெயர். ஆட்டிசப் பண்புகள் என்பது வேறு. இதே குணங்கள் கொஞ்சம் கொஞ்சம் எல்லாரிடமும் உண்டு. கூட்டம் பிடிக்காத அண்ணாச்சி, பொருளை வைத்த இடம் ஒரு விரல் நகர்ந்தாலும் பொறுக்காத சித்தி, பஸ் நம்பர் எல்லாவற்றையும் மனப்பாடமாக வைத்திருக்கும் பையன் என நம் வீடுகளிலேயே பார்க்கலாம். ஆராய்ச்சியாளர்கள் பெற்றோரிடம் ஒரு கேள்வித்தாளைக் கொடுத்து இந்தப் பண்புகளுக்கு மதிப்பெண் போடுகிறார்கள். ஹார்மோன் பற்றிய பல ஆய்வுகள் அளந்தது இந்த மதிப்பெண்ணைத்தான். அதில் இரண்டு எண் கூடுதலாக வாங்கிய பிள்ளைக்கு ஆட்டிசம் இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. செய்தியாக வரும்போது முதலில் காணாமல் போவது இந்த வேறுபாடுதான்.

கருவறைக்குள் எந்த ஹார்மோன், யாருடையது?

ஹார்மோன் என்றதும் அம்மா ரத்தத்தில் இருந்து பிள்ளைக்குப் போவது என்றுதான் பெரும்பாலும் நினைக்கிறோம். இது பாதிதான் சரி. ஆண் கருவுக்கு ஏறக்குறைய எட்டாவது வாரத்திலேயே விதைப்பைகள் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனைச் சுரக்கத் தொடங்கிவிடும். நான்காவது மாதத்தை ஒட்டி அது உச்சத்தில் இருக்கும். பெண் கருவிலும் இந்த ஹார்மோன் உண்டு. அட்ரினல் சுரப்பியில் இருந்து குறைந்த அளவில் வருகிறது. அம்மாவின் உடம்பில் இருக்கும் ஆண் ஹார்மோன் அப்படியே பிள்ளைக்குப் போய்விடாமல் நஞ்சுக்கொடி தடுக்கிறது. அதிலுள்ள ஒரு நொதி ஆண் ஹார்மோனைப் பிடித்து ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனாக மாற்றிவிடுகிறது. ஆகவே பிள்ளையைச் சுற்றி இருக்கும் பனிக்குட நீரில் அளக்கும் ஹார்மோன் பெரும்பாலும் பிள்ளையும் நஞ்சுக்கொடியும் சேர்ந்து உண்டாக்கியது. அம்மா சாப்பிட்ட பப்பாளிக்கோ, ஏறி இறங்கிய மாடிப்படிக்கோ, கிரகணத்தன்று வெளியே வந்ததற்கோ அதில் பங்கில்லை.

தைராய்டு ஹார்மோன் மட்டும் இதற்கு மாறானது. பிள்ளையின் சொந்தத் தைராய்டு சுரப்பி வேலை செய்யத் தொடங்க மூன்று மாதம் ஆகும். அதுவரை மூளை வளர்ச்சிக்குத் தேவையான தைராக்ஸின் என்ற அந்த ஹார்மோன் முழுக்க அம்மாவிடம் இருந்துதான் வந்தாக வேண்டும். இதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

சந்தேகம் எப்படி வந்தது?

ஆட்டிசம் இருப்பதாகக் கண்டறியப்படும் பிள்ளைகளில் பெண்ணைவிட ஆண் மூன்று முதல் நான்கு மடங்கு அதிகம். பெண் பிள்ளைகள் மற்றவர்களைப் பார்த்து நடந்துகொள்ளப் பழகிவிடுவதால் பலருடைய ஆட்டிசம் கண்ணில் படாமலே போகிறது என்பதும் உண்மை. அதைக் கழித்துப் பார்த்தாலும் வித்தியாசம் மிஞ்சுகிறது. அப்படியானால் ஆண் கருவில் அதிகமாக இருக்கும் ஏதோ ஒன்றுக்கு இதில் பங்கிருக்குமோ என்று கேட்டவர்களில் முக்கியமானவர் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சைமன் பேரன்-கோஹன்.

ஆராய்ச்சிக்காகக் கருவில் இருக்கும் பிள்ளையின் ரத்தத்தை எடுத்துச் சோதிக்க முடியாது. ஆனால் குரோமோசோம் குறைபாடு இருக்குமோ என்ற சந்தேகத்தில் சில கர்ப்பிணிகளுக்கு நான்காவது, ஐந்தாவது மாதத்தில் பனிக்குட நீரை ஊசியால் எடுத்துச் சோதிப்பார்கள். அப்படி எடுத்ததில் மீந்த நீரில் டெஸ்டோஸ்டிரோனை அளந்து, அந்தப் பிள்ளைகள் வளர வளரக் கவனித்துக்கொண்டே வந்தது அவருடைய குழு. ஒரு வயதுப் பிள்ளை அம்மா முகத்தை எவ்வளவு நேரம் பார்க்கிறது என்பதற்கும் அந்த ஹார்மோன் அளவுக்கும் தொடர்பு தெரிகிறது என்று 2002இல் எழுதினார்கள். 2009இல் 235 பிள்ளைகளின் விவரம் வந்தது. கருவில் டெஸ்டோஸ்டிரோன் கூடுதலாக இருந்தவர்களுக்கு ஆட்டிசப் பண்பு மதிப்பெண்ணும் சராசரியாகக் கூடுதல். இவர்கள் யாரும் ஆட்டிசம் என்று கண்டறியப்பட்டதற்காகச் சேர்க்கப்பட்ட பிள்ளைகள் இல்லை, சாதாரணப் பிள்ளைகள்.

அடுத்த கட்டம் டென்மார்க். அந்த நாட்டில் கர்ப்பத்தில் சோதனைக்காக எடுத்த பனிக்குட நீர் மாதிரிகளை உறைய வைத்துப் பல வருடம் பாதுகாக்கிறார்கள். பின்னாளில் யாருக்கு ஆட்டிசம் கண்டறியப்பட்டது என்பதும் அரசுப் பதிவேட்டில் இருக்கும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கலாம். ஆட்டிசம் உள்ள 128 ஆண் பிள்ளைகளையும் இல்லாத 217 பேரையும் ஒப்பிட்ட ஆய்வு 2015இல் வெளியானது. டெஸ்டோஸ்டிரோன் மட்டும் அல்லாமல் புரோஜெஸ்டிரோன், கார்டிசால் உள்பட உடம்பில் ஒன்றிலிருந்து ஒன்றாக உருவாகும் ஹார்மோன் வரிசையைச் சேர்த்துப் பார்த்தபோது, ஆட்டிசம் உள்ளவர்களிடம் அது சராசரியாகக் கூடுதலாக இருந்தது. அதே மாதிரிகளில் ஈஸ்ட்ரோஜன்களை அளந்தபோது அவையும் கூடுதல். அதிலும் எஸ்ட்ராடையால் என்ற ஈஸ்ட்ரோஜனின் தொடர்பு டெஸ்டோஸ்டிரோனைவிட வலுவாக இருந்தது.

இந்தக் கடைசிச் செய்தி எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. இதே பேரன்-கோஹன், ஆட்டிசம் என்பது ஆண் மூளையின் எல்லை கடந்த வடிவம் என்று ஒரு கொள்கையை முன்வைத்தவர். பத்திரிகைகளுக்கு அது மிகவும் பிடித்துப்போனது. எனக்கு அந்தப் பெயரே சங்கடம். ஆட்டிசம் உள்ள பெண்ணைப் பார்த்து உனக்கு ஆண் மூளை என்று சொல்வதால் அவளுக்கு என்ன கிடைக்கும்? பெண்ணுக்குரியது என்று நாம் பழகிவிட்ட ஈஸ்ட்ரோஜனும் கூடுதலாக இருக்கிறது என்று அவருடைய குழுவே கண்டுபிடித்த பிறகு, ஆண் ஹார்மோன் ஆட்டிசத்தைக் கொண்டுவருகிறது என்ற ஒற்றை வரிக் கதைக்கு இடமில்லை. உடம்பில் டெஸ்டோஸ்டிரோனே ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது. ஒரு முழு வரிசையும் கொஞ்சம் வேறு வேகத்தில் ஓடியிருக்கிறது என்று மட்டுமே சொல்ல முடியும்.

சராசரி என்ற சொல்

மேலே பலமுறை சராசரியாக என்று எழுதியிருக்கிறேன். அந்தச் சொல்லை விட்டுவிட்டுப் படித்தால் எல்லாம் தலைகீழாகிவிடும். ஆண்களின் சராசரி உயரம் பெண்களைவிட அதிகம். ஆனால் பாளை பஸ் ஸ்டாண்டில் நிற்கும் ஒருவர் ஐந்தரை அடி என்று மட்டும் சொன்னால் அவர் ஆணா பெண்ணா என்று உங்களால் சொல்ல முடியாது. அந்த உயரத்தில் இரண்டு பேரும் இருக்கிறார்கள். பனிக்குட நீர் ஹார்மோனும் அப்படித்தான். ஆட்டிசம் உள்ளவர்களின் அளவும் இல்லாதவர்களின் அளவும் பெரும்பகுதி ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து கிடக்கின்றன. ஹார்மோன் கூடுதலாக இருந்தும் ஆட்டிசம் இல்லாத பிள்ளைகள் ஏராளம், குறைவாக இருந்தும் ஆட்டிசம் உள்ளவர்களும் உண்டு. ஆகவே கர்ப்பத்தில் ஹார்மோனை அளந்து பிள்ளைக்கு ஆட்டிசம் வருமா என்று சொல்லும் சோதனை எதுவும் கிடையாது. யாராவது பணம் வாங்கிக்கொண்டு செய்து தருவதாகச் சொன்னால் நம்பாதீர்கள். பனிக்குட நீர்ச் சோதனையே கருவுக்குச் சிறிய ஆபத்து உள்ளது. நம் நாட்டில் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி, வரையறுத்த மருத்துவக் காரணங்களுக்காக மட்டுமே அதைச் செய்யலாம்.

எதிராக வந்த முடிவுகளையும் சொல்லியாக வேண்டும். சில பிள்ளைகளுக்கு அட்ரினல் சுரப்பியில் பிறவிக் குறை இருக்கும். கருவில் இருக்கும்போதே ஆண் ஹார்மோன் மிக அதிகமாகச் சுரக்கும். டெஸ்டோஸ்டிரோன்தான் காரணம் என்றால் இந்தக் குறை உள்ள பெண் பிள்ளைகளிடம் ஆட்டிசப் பண்புகள் தெளிவாகக் கூடியிருக்க வேண்டும். பழைய ஆய்வு ஒன்றில் கூடியிருந்தது. 2016இல் வந்த இன்னொன்றில் அப்படி எதுவும் இல்லை. அதே ஆய்வில் சாதாரணப் பிள்ளைகளிடம் பார்த்தபோதும், பனிக்குட நீர் ஹார்மோன் அளவுக்கும் ஆட்டிசப் பண்புகளுக்கும் தொடர்பு கிடைக்கவில்லை. மேற்கு ஆஸ்திரேலியாவில் தொப்புள்கொடி ரத்தத்தில் அளந்து, அந்தப் பிள்ளைகள் இளவயதை அடைந்த பிறகு கேள்வித்தாள் கொடுத்துப் பார்த்தார்கள். அங்கும் தொடர்பு இல்லை. வளர்ந்த ஆண்கள் 643 பேருக்கு டெஸ்டோஸ்டிரோனோ போலி மருந்தோ கொடுத்து, அடுத்தவர் கண்ணைப் பார்த்து அவர் மனநிலையை அறியும் திறன் குறைகிறதா என்று சோதித்த 2019ஆம் ஆண்டு ஆய்விலும் ஒன்றும் குறையவில்லை.

பிசிஓடி உள்ள அம்மாக்களுக்கு

இந்தப் பகுதியைத்தான் நிதானமாகப் படிக்கச் சொல்வேன். கருப்பையை ஒட்டிய சினைப்பையில் நீர்க்கட்டி, தள்ளிப்போகும் மாதவிடாய், முகத்தில் முடி என்று அவதிப்படும் பெண்கள் நம் பக்கம் இப்போது தெருவுக்கு நாலு பேர். இந்தப் பிரச்சினையில் ஆண் ஹார்மோன் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். அதனால் ஆராய்ச்சியாளர்களின் பார்வை இவர்கள் பக்கம் திரும்பியது இயல்புதான். ஸ்வீடனில் 2016இலும் இங்கிலாந்தில் 2018இலும் பெரிய ஆய்வுகள் வந்தன. இரண்டிலும் தொடர்பு தெரிந்தது.

இங்கிலாந்து ஆய்வின் எண்களை எடுத்துக்கொள்வோம். பிசிஓடி இல்லாத அம்மாவுக்கு ஆட்டிசம் உள்ள பிள்ளை பிறக்கும் வாய்ப்பு 1.7 சதவீதம். பிசிஓடி உள்ள அம்மாவுக்கு 2.3 சதவீதம். இதைத் தலைப்பாகப் போடுகிறவர் ஆட்டிச அபாயம் 35 சதவீதம் அதிகம் என்று எழுதலாம். கணக்குப்படி அதில் தவறும் இல்லை. 1.7இல் இருந்து 2.3க்குப் போவது ஏறக்குறைய 35 சதவீத உயர்வுதான். ஆனால் படிக்கிற பெண்ணின் காதில் அது எப்படி விழும்? நூறில் முப்பத்தைந்து பிள்ளைக்கு வரும் என்று விழும். அதே எண்ணை ஆட்களாக மாற்றிச் சொல்லிப் பாருங்கள். பிசிஓடி இல்லாத ஆயிரம் அம்மாக்களில் 17 பேர், பிசிஓடி உள்ள ஆயிரம் அம்மாக்களில் 23 பேர். கூடுதல் ஆறு பேர். பிசிஓடி உள்ள மீதி 977 அம்மாக்களின் பிள்ளைகளுக்கு ஆட்டிசம் இல்லை.

இனி எந்த உடல்நலச் செய்தியைப் படித்தாலும் இந்த ஒரு காரியத்தைச் செய்யுங்கள். இத்தனை சதவீதம் அதிகம் என்று இருந்தால், எதிலிருந்து எவ்வளவுக்கு என்று தேடுங்கள். அது எழுதியிருக்கவில்லை என்றால் அந்தச் செய்தியை வைத்து யாரும் எந்த முடிவும் எடுக்க முடியாது.

அப்புறம், அந்த ஆறு பேருக்கும் பிசிஓடிதான் காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. இரண்டுக்கும் பொதுவான மரபணுக்கள் இருக்கலாம். அம்மாவிடம் பிசிஓடியாகவும் பிள்ளையிடம் ஆட்டிசமாகவும் ஒரே மரபு வெளிப்படலாம். டென்மார்க், பின்லாந்து, ஸ்வீடன், இஸ்ரேல், மேற்கு ஆஸ்திரேலியா ஆகிய இடங்களின் 20 லட்சம் பிள்ளைகளை வைத்து 2019இல் வெளியான ஆய்வின்படி, ஒருவருக்கு ஆட்டிசம் இருக்கிறதா இல்லையா என்ற வேறுபாட்டில் ஏறக்குறைய 80 சதவீதம் மரபு சார்ந்தது. இவன் அப்பனும் மூன்று வயதில்தான் பேசினான் என்று ஆச்சி சொன்னாரே, ஆறுதலுக்குச் சொன்ன அந்த வார்த்தையை மருத்துவர் வேறு காதால் கேட்பார். குடும்பத்தில் இதே மாதிரி யார் யார் இருந்தார்கள் என்று அவர் விசாரிப்பது அதற்காகத்தான். மரபு என்பது அப்பா வழியாகவும் வரும், அம்மா வழியாகவும் வரும், யாரிடமும் இல்லாமல் புதிதாகவும் தோன்றும். மருமகளை மட்டும் நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்க அதில் எந்த நியாயமும் இல்லை.

அம்மா மேல் பழி போடுவது நம் ஊர் வழக்கம் மட்டும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1943இல் லியோ கானர் என்ற மருத்துவர் அமெரிக்காவில் ஆட்டிசத்தைப் பற்றி விரிவாக எழுதினார். அதற்குப் பிறகு இருபது வருடத்துக்கும் மேல், பிள்ளையிடம் பாசம் காட்டாத அம்மாக்களால்தான் ஆட்டிசம் வருகிறது என்று அங்குள்ள பெரிய டாக்டர்களே சொல்லிக்கொண்டிருந்தார்கள். எத்தனை தாய்மார் அதை நம்பித் தங்களைத் தாங்களே வெறுத்திருப்பார்கள்! அது முழுக்கத் தவறு என்று பிறகு தெளிவானது. ஹார்மோன் ஆராய்ச்சியை அந்தப் பழியின் புது உருவமாக்கிவிடக் கூடாது.

தைராய்டு

கர்ப்பத்தின் தொடக்கத்தில் அம்மாவின் தைராக்ஸின் மிகவும் குறைந்திருந்தால் ஆட்டிசம் போன்ற அறிகுறிகள் பிள்ளையிடம் காணப்படும் வாய்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்கு என்று நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் சுமார் 4,000 தாய், பிள்ளைகளைக் கவனித்த ஆய்வு 2013இல் சொன்னது. அதுவும் ஒரு தொடர்புதான், காரணம் என்று உறுதியாகவில்லை. மாத்திரை போட்டால் ஆட்டிசத்தைத் தடுக்கலாம் என்றும் யாரும் நிரூபிக்கவில்லை. ஆனால் தைராய்டு குறைவை அப்படியே விட்டால் கருச்சிதைவு, குறைமாதப் பிரசவம், பிள்ளையின் மூளை வளர்ச்சியில் பின்னடைவு ஆகியவை வரலாம் என்பது எப்போதோ உறுதியான விஷயம். அதனால் கர்ப்பம் என்று தெரிந்த உடனே தைராய்டு பார்த்துக்கொள்வது நல்லது. ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கர்ப்பத்தில் அளவைக் கூட்ட வேண்டியிருக்கும். டாக்டரிடம் உடனே சொல்லுங்கள்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் தைராய்டு மாத்திரையோடு சேர்த்துப் போட்டுவிடுகிறவர்கள் நிறைய பேர். அப்படிப் போட்டால் தைராய்டு மருந்து உடம்பில் சரியாகச் சேராது. காலையில் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை, காப்பிக்கு முன்னால் அரை மணி நேரமாவது இடைவெளி, மற்ற இரண்டுக்கும் நாலு மணி நேர இடைவெளி. இன்னொன்று உப்பு. தூத்துக்குடி உப்பளம் இவ்வளவு பக்கத்தில் இருப்பதால் கல் உப்பு வாங்கிச் சமைக்கும் வீடுகள் நம்மிடம் அதிகம். அது அயோடின் சேர்த்ததா என்று பாக்கெட்டைப் பாருங்கள். அயோடின் இல்லாமல் உடம்பால் தைராய்டு ஹார்மோனை உண்டாக்க முடியாது.

கரு தங்குவதற்காக டாக்டர் எழுதிக் கொடுத்த புரோஜெஸ்டிரோன் மாத்திரையையோ ஊசியையோ இந்தச் செய்திகளைப் படித்துவிட்டு நீங்களாக நிறுத்தாதீர்கள். டென்மார்க்கில் அளந்தது பனிக்குட நீரில் இருந்த அளவை. வெளியில் இருந்து கொடுத்த மருந்தின் விளைவை அந்த ஆய்வு பார்க்கவில்லை. சந்தேகம் இருந்தால் எழுதிக் கொடுத்தவரிடமே கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

பிள்ளை பிறந்த பிறகு

கருவில் என்ன நடந்தது என்று தேடுவதைவிடக் கண்முன் இருக்கும் பிள்ளையைக் கவனிப்பதில் பலன் அதிகம். ஒரு வயதாகியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதது, ஒன்றரை வயதாகியும் நிலாவையோ நாயையோ விரல் நீட்டிக் காட்டாதது, இரண்டு வயதாகியும் "அம்மா வா" என்பது போல இரண்டு சொல் சேர்த்துப் பேசாதது, வந்த பேச்சு எந்த வயதிலாவது நின்றுபோவது. இவற்றில் எது இருந்தாலும் மூன்று வயது வரை பார்ப்போம் என்று தள்ளிப் போடாதீர்கள். நாக்கில் வசம்பு தடவினால் பேச்சு வந்துவிடும் என்று மாதக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டாம். முதலில் காது கேட்கிறதா என்று பெரா டெஸ்ட் எடுக்க வேண்டும். காது கேளாத பிள்ளையும் பெயர் சொன்னால் திரும்பாது.

இதற்குக் கையில் பணம் இருந்தால்தான் முடியும் என்று இல்லை. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி மருத்துவக் குழுக்கள் வருடத்துக்கு இரண்டு முறை அங்கன்வாடிக்கு வந்து பிள்ளைகளைப் பார்க்க வேண்டும். அன்றைக்குப் பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்ளாமல் கூட்டிக்கொண்டு போங்கள். கிராம சுகாதார செவிலியரிடம் சொன்னால் அவர் எழுதி அனுப்புவார். பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு மருத்துவமனைக்குப் போனால் குழந்தைகள் பிரிவில் விசாரிக்கலாம். பீடி சுற்றும் வேலையை ஒரு நாள் விட்டால் அன்றைய கூலி போச்சே என்ற கஷ்டம் முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் உள்ள தாய்மாருக்கு உண்டு, தெரியும். அதனால்தான் அப்பாவும் கூட வர வேண்டும் என்று சொல்கிறேன். ஒரு முறை அம்மா, அடுத்த முறை அப்பா என்று மாற்றிக்கொண்டால் பயிற்சி பாதியில் நிற்காது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் இடம்பெற்றிருக்கிறது. சான்றும் அட்டையும் வாங்கிவிட்டால் பள்ளியிலும் மற்ற உதவிகளிலும் அது கைகொடுக்கும்.

மூத்த பிள்ளைக்கு ஆட்டிசம் இருக்கும் வீட்டில் அடுத்ததைப் பெற்றுக்கொள்ளலாமா என்ற கேள்வி வரும். பல நாடுகளில் இளைய பிள்ளைகளைப் பிறந்ததில் இருந்தே கவனித்த ஆய்வுகளின்படி ஐந்தில் ஒருவருக்கு ஆட்டிசம் கண்டறியப்படுகிறது, நாலு பேருக்கு இல்லை. பெறுவதா வேண்டாமா என்று கணவனும் மனைவியும் பேசி முடிவு செய்ய வேண்டியது. பெற்றுக்கொண்டால், மூத்ததைப் பற்றி முதல் செக்கப்பிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். பிறந்த பிள்ளைக்கு ஒன்பது மாதம் ஆனதில் இருந்தே பெயருக்குத் திரும்புகிறதா, முகம் பார்த்துச் சிரிக்கிறதா என்று பார்த்து வாருங்கள். சந்தேகம் தட்டினால் சோதனை முடிவுக்காகக் காத்திருக்காமல், மூத்த பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்த அதே விளையாட்டுப் பயிற்சிகளை இளையதற்கும் அன்றே தொடங்கலாம்.